மொறுமொறுப்புக்கு மாவு எதுக்கு? சீஸ் போர்த்திய காய்கறி வறுவல்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

வழக்கமா இங்க கோடு, வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கப் போறோம். மாவே இல்லாம, சீஸ் மட்டும் போர்த்தி, காய்கறியை மொறுமொறுன்னு வறுக்குறது எப்படி? அதை ஏன் ஸ்ரீபெரும்புதூர்ல உட்கார்ந்துகிட்டு நான் பேசணும்? ரெண்டாவது கேள்வியில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரகடம் கூட்ரோடு, மாத்தூர், சுங்குவார்சத்திரம்னு எங்க வேணாலும் போய்ப் பாருங்க. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ் ஆளுங்களை இறக்கி விடுற நேரத்துல ரோட்டோரமா வாணலி காஞ்சுகிட்டு இருக்கும். ஒரு பக்கம் பஜ்ஜி, இன்னொரு பக்கம் செக்கச்செவேல்னு காலிஃப்ளவர் சில்லி. எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை பார்த்தவனுக்கு அந்த வாசனை என்ன பண்ணும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

என் பொழப்பு பிளான்ட் சாஃப்ட்வேர். லைன்ல எத்தனை பார்ட் ஓடுச்சு, எங்க நின்னுச்சுன்னு கணக்கு வைக்கிற வேலை. அதனால தட்டைப் பார்த்தாலும் கணக்குதான் வரும். வாங்க, ஒரு தட்டு காலிஃப்ளவர் சில்லிக்குக் கணக்குப் போடுவோம்.

காலிஃப்ளவர் 200 கிராம்னு வைங்க. அதுல மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் சேர்த்தே 10 கிராம்தான் இருக்கும். அதுலயும் கிட்டத்தட்ட 4 கிராம் நார். இப்போ மேல போர்த்துற மைதா, கார்ன்ஃப்ளார் கலவையை 60 கிராம்னு வைங்க. மைதாவுல நூத்துக்கு 75 பங்கு மாவுச்சத்து, கார்ன்ஃப்ளார்ல 85-க்கும் மேல. அப்போ போர்வையில இருந்து மட்டும் 48 கிராம் பக்கம் வந்துடும். அது ஏறக்குறைய ஒரு கப் சாதம். நாம காய் சாப்பிட்டதா நினைச்சுக்கிறோம், உண்மையில காய்க்குப் பக்கத்துல ஒரு கப் சாதமும் உள்ள போயிருக்கு. அதுக்கப்புறம் ரூமுக்குப் போய் ராத்திரி சாப்பாடு வேற.

காய் மேல எந்தத் தப்பும் இல்ல. கணக்கு ஏறுறது போர்வையில. இன்னைக்கு எபிசோடோட சாரம் அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்தப் போர்வையை எப்படி மாத்துறதுங்கிற கதை.

இதுக்கு இவ்வளவு சீரியஸா பேசணுமான்னு கேட்பீங்க. பேசணும். ஐசிஎம்ஆர்-இந்தியாப்னு நாடு முழுக்க நடந்த ஆய்வு. சென்னையில இருக்குற மெட்ராஸ் டயாபெட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஒருங்கிணைச்சது. அதோட முடிவு 2023-ல வந்தப்போ, இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடி பேர் அதுக்கு முந்தின கட்டத்துல இருக்காங்கன்னு சொன்னாங்க. தேசிய சராசரி 11.4 சதவீதம். தமிழ்நாடு 14.4 சதவீதம். இரவு ஷிஃப்ட்டுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு பல நாடுகள்ல ஆய்வுகள் இருக்கு. நம்ம ஏரியாவுல சி ஷிஃப்ட் பார்க்காதவன் யாரு?

இந்த எண்ணெல்லாம் எனக்கு ஒரு ஆள் முகமாத்தான் தெரியும். எங்க மெயின்டனன்ஸ்ல ஒரு அண்ணன், வயசு 34. வருஷாந்திர மெடிக்கல் செக்கப்ல சுகர்னு சொல்லிட்டாங்க. அவர் முதல்ல விட்டது சர்க்கரையை இல்ல, டீக்கடையை. "நீங்க போங்க தம்பி, நான் நேரா ரூமுக்குப் போறேன்"னு ஆரம்பிச்சாரு. ரெண்டு மாசத்துல பஸ்ல கூடத் தனியா உட்கார ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் தட்டைச் சுத்தி நிக்கும்போது ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. வெளியூர்ல இருந்து இங்க வந்து ரூம் எடுத்துத் தங்குறவனுக்கு அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் குடும்பம். சுகர் வந்தா அதையும் சேர்த்து விடணுமா? இந்த ரெசிபி எங்க ரூமுக்குள்ள வந்ததே அவருக்காகத்தான்.

இன்னொரு விஷயம். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த குடியிருப்புல மட்டும் 18,720 பேர் தங்கலாம். அதைத் தவிர இந்த காரிடார் முழுக்க பிஜி, ஹாஸ்டல், வாடகை ரூம். மெஸ்ல சாப்பிடுறவங்களுக்கு மூணு வேளையும் என்ன வரும்னு அவங்க முடிவு பண்ண முடியாது. சாயங்கால நொறுக்குத்தீனி ஒண்ணுதான் அவங்க கையில இருக்கு. மாத்த முடிஞ்ச இடத்துல மாத்துவோம்.

சரி, "மைதாவுக்குப் பதிலா ராகி மாவு, கம்பு மாவு போட்டா ஹெல்தியாயிடுமே"ன்னு ஒரு குரல் கேக்குது. அதே இந்தியாப் ஆய்வுக் குழு 2025-ல நேச்சர் மெடிசின் இதழ்ல உணவைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. 1.2 லட்சம் பேரோட தரவு. நம்ம ஆளுங்க சாப்பிடுற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்தே வருதாம். வெள்ளை அரிசி, மைதாவுக்குப் பதிலா அரைச்ச முழு கோதுமை மாவு, சிறுதானிய மாவுன்னு மாத்தினா மட்டும் ஆபத்து குறையறதா தெரியலையாம். மொத்த மாவுச்சத்தோட அளவு குறையணும். அதுல வெறும் 5 சதவீத கலோரியை பருப்பு மாதிரி தாவரப் புரதத்துக்கோ பால் பொருள் புரதத்துக்கோ மாத்தினா, சர்க்கரை நோய் வர்ற ஆபத்து குறைவா இருக்குன்னு சொல்றாங்க.

பால் பொருள் புரதம். இங்கதான் சீஸ் உள்ள வருது. ஆனா அதே கட்டுரையில ஒரு எச்சரிக்கையும் இருக்கு: பெரும்பாலான மாநிலங்கள்ல நிறைவுற்ற கொழுப்பும் அளவுக்கு மேலதான் போகுது. சீஸ்ல புரதமும் இருக்கு, அந்தக் கொழுப்பும் இருக்கு. ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டே சமைப்போம்.

தமிழ்ல மாவில்லாச் சமையல் புதுசு கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி நியாண்டர் செல்வன் எழுதின பேலியோ தொடரும், கிழக்கு பதிப்பகம் போட்ட புத்தகமும், "ஆரோக்கியம் & நல்வாழ்வு" ஃபேஸ்புக் குழுவும் எத்தனை வீட்டு சமையலறைக்குள்ள போச்சுன்னு உங்க அத்தை, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்க. காலையில 100 பாதாம், ராத்திரி பனீர்னு பேசின ஆளு ஒருத்தராவது சொந்தத்துல இருப்பாங்க. முழு பேலியோவுக்கு மாறணுமா வேண்டாமாங்கிறது உங்களுக்கும் உங்க டாக்டருக்கும் இடையில உள்ள விஷயம். நான் எடுத்துக்கிறது ஒரு சின்ன பாடம்தான்: மாவை எடுத்துட்டாலும் ருசி இருக்கும்.

இப்போ சீஸுக்கு வருவோம். சீஸ் எப்படி மொறுமொறுன்னு ஆகுது? சீஸ்னா அடிப்படையில மூணு பொருள்: புரதம், கொழுப்பு, தண்ணி. சூடு ஏறும்போது முதல்ல உருகும். அப்புறம் தண்ணி கொதிச்சு ஆவியாகும், அதுதான் நீங்க பார்க்குற குமிழி. தண்ணி போனதும் கொழுப்பு வெளியில கசியும், அந்தக் கொழுப்புலயே புரதம் வறுபட்டு சிவக்கும். ஆறினதும் அந்தப் புரத வலை இறுகிடும். அதுதான் மொறுமொறுப்பு. இத்தாலியில ஃப்ரியூலிங்கிற பகுதியில ஃப்ரீகோன்னு ஒரு பலகாரம் இருக்கு. மொன்டாசியோங்கிற அவங்க ஊர் சீஸைத் துருவி, கல்லுல பரப்பி, அப்பளம் மாதிரி எடுப்பாங்க. நாம பண்ணப் போறதும் அதேதான், நடுவுல நம்ம காய் இருக்கும்.

எந்த சீஸ்? மொஸரெல்லா கட்டியா கிடைச்சா அதுதான் முதல் சாய்ஸ். நல்லா உருகும், நல்லா சிவக்கும். கூட கொஞ்சம் செடார் மாதிரி கெட்டியான சீஸ் இருந்தா, ரெண்டு பங்கு மொஸரெல்லாவுக்கு ஒரு பங்கு அது. பெட்டிக்கடையிலயும் கிடைக்கிற பிராசஸ்டு சீஸ்லயும் பண்ணலாம், ஆனா பொறுமை வேணும். கொழுப்பு பிரியாம இருக்கத்தான் அதுல சில உப்புகளைச் சேர்க்குறாங்க. நமக்கோ கொழுப்பு பிரிஞ்சாத்தான் வேலை நடக்கும். அதனால ரொம்ப நேரம் கொழகொழன்னே இருக்கும். ஸ்லைஸ் வேண்டாம், கட்டி வாங்கித் துருவுங்க.

பனீர் வேலைக்கு ஆகாது. கொதிக்கிற பால்ல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு திரிச்ச பொருள் அது. சூடு பண்ணினா சிவக்கும், ஆனா உருகிப் பரவாது. காய்க்குப் போர்வையா ஒட்டாது.

லேபிளை ஒரு தடவை படிச்சிடுங்க. விலை ரொம்பக் கம்மியா இருந்து, உள்ள வெஜிடபிள் ஆயில், ஸ்டார்ச்னு எழுதியிருந்தா அது சீஸ் மாதிரி ஒண்ணு, சீஸ் இல்ல. ஸ்டார்ச்னா மறுபடியும் மாவு. முன் வாசல்ல துரத்தினது பின் வாசல் வழியா வந்த கதையாயிடும்.

எந்தக் காய்? காலிஃப்ளவர், வெண்டைக்காய், கத்தரிக்காய், குடைமிளகாய், காளான், பஜ்ஜி மிளகாய். உருளைக்கிழங்கு, வாழைக்காய், சேனை இதெல்லாம் வேண்டாம். போர்வையை மாத்திட்டு உள்ள மாவுச்சத்தை வெச்சா என்ன பிரயோஜனம்?

செய்முறை. ரூம்ல ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு இரும்பு தோசைக்கல் போதும். நான்ஸ்டிக் இருந்தா இன்னும் சுலபம். ரெண்டு பேருக்கு 200 கிராம் காலிஃப்ளவர், 60 கிராம் துருவின சீஸ்.

முதல் வேலை, காயை முக்கால் வேக்காடு பண்றது. சீஸ் சிவக்குற நாலஞ்சு நிமிஷத்துல பச்சைக் காலிஃப்ளவர் வேகாது. வழக்கமா புழு போறதுக்காக மஞ்சத்தூள் போட்ட சுடுதண்ணியில போடுவோம்ல, அதையே மூணு நிமிஷம் கொதிக்க விடுங்க. வெளியில எடுத்து வடிகட்டி, அரை இஞ்ச் கனத்துக்குத் தட்டையா நறுக்குங்க. உருண்டையா இருந்தா சீஸ் ஒரு புள்ளியில மட்டும்தான் ஒட்டும்.

ரெண்டாவது வேலை, ஈரத்தை எடுக்கிறது. இதுதான் முக்கியம். துணியில பரப்பி ஃபேனுக்கு அடியில பத்து நிமிஷம் விடுங்க. காயில ஈரம் இருந்தா அது ஆவியா மேல வந்து சீஸை நமத்துப் போக வைக்கும். காளான்னா வெறும் கல்லுல போட்டு தண்ணி முழுக்கச் சுண்டுற வரைக்கும் வதக்கிக்கணும். கத்தரிக்காயை வட்டமா நறுக்கி ரெண்டு பக்கமும் கல்லுல வாட்டிக்கணும். வெண்டைக்காயைக் கழுவி, நல்லாத் துடைச்சு, அதுக்கப்புறம்தான் நீளவாக்குல பிளக்கணும். பஜ்ஜி மிளகாயைக் கீறி, விதையை எடுத்துட்டு, கையால அழுத்தித் தட்டையாக்குங்க.

மசாலா உங்க இஷ்டம். மிளகாய்த்தூள், மிளகு, கொஞ்சம் ஓமம், பொடியா நறுக்கின கறிவேப்பிலை. இஞ்சி பூண்டு விழுது வேண்டாம், அதுல ஈரம் இருக்கு. உப்பு போடவே போடாதீங்க, சீஸ்ல இருக்குறதே போதும்.

மூணாவது வேலை, கல்லு. மிதமான சூடு. எண்ணெய் ஒரு சொட்டு தடவினா போதும், சீஸே எண்ணெய் விடும். துருவின சீஸை மெதுவடை அகலத்துக்கு மெல்லிசா பரப்புங்க. உருக ஆரம்பிச்சதும் காயை மேல வெச்சு லேசா அழுத்துங்க. இப்போ கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. தோசைத் திருப்பியை எடுத்துக் குத்திக்கிட்டே இருக்காதீங்க.

எப்போ திருப்பணும்? வாணலியில வடை வேகும்போது சலசலப்பு அடங்குமில்ல, அதே கணக்குதான். குமிழி குறையும், சத்தம் அடங்கும், ஓரம் வடை நிறத்துக்கு வரும். நாலு, அஞ்சு நிமிஷம் ஆகலாம். அப்போ திருப்பியை ஓரத்துல விட்டா தானாக் கிளம்பி வரும். ஒட்டிக்கிட்டு அடம் பிடிச்சா இன்னும் தண்ணி இருக்குன்னு அர்த்தம், இன்னொரு நிமிஷம் விடுங்க. ரெண்டு பக்கமும் போர்வை வேணும்னா, பக்கத்துல இன்னொரு கொத்து சீஸைப் பரப்பி, அது மேல கவுத்துப் போடுங்க.

எடுத்த உடனே தொட்டுப் பார்த்தா மெத்துன்னு இருக்கும். பயப்படாதீங்க, கம்பித் தட்டுலயோ சல்லடையிலயோ ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க. ஆறும்போதுதான் இறுகும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது, டப்பாவுல போட்டு மூடக் கூடாது. ஹாட்பாக்ஸ்ல வெச்சுக்கிட்டு ஷிஃப்ட்டுக்குக் கொண்டு போறேன்னு நினைச்சா அந்த ஐடியாவை இப்பவே விட்டுடுங்க. சுடச்சுட சாப்பிடுற ஐட்டம் இது.

"பஜ்ஜி மாதிரி எண்ணெயில முக்கிப் பொரிக்கலாமா?" வெறும் சீஸைப் போர்த்தி முக்கினா உருகிப் பிரிஞ்சு எண்ணெய்ல மிதக்கும், காய் மொட்டையா நிக்கும். சுத்திலும் கோட்டிங் வேணும்னா ஒரு முட்டையை அடிச்சு, அதுல காயை முக்கி, கெட்டி சீஸ் துருவலும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் கலந்து பிரட்டி, கொஞ்சமா எண்ணெய் விட்டுக் கல்லுல சுட்டு எடுங்க. முட்டை கட்டிப் பிடிச்சுக்கும்.

டீபக் செக்‌ஷன். சீஸ் கருகிப் போச்சு, உள்ள இன்னும் பிசுபிசுன்னு இருக்கா? சூடு அதிகம். ரப்பர் மாதிரி இருக்கா? சீக்கிரம் எடுத்துட்டீங்க, இல்ல சீஸைக் கனமா பரப்பியிருக்கீங்க. மொறுமொறுன்னு வந்துட்டு அஞ்சு நிமிஷத்துல நமத்துப் போச்சா? காயில ஈரம். இந்த மூணுக்குள்ளதான் எல்லா பிரச்சினையும் அடங்கும்.

கணக்கை மறுபடியும் போடுவோம். சீஸ் 60 கிராம்ல மாவுச்சத்து ஒண்ணு, ஒன்றரை கிராம். காயையும் சேர்த்தா மொத்தம் 12 கிராமுக்குள்ள. மாவுப் போர்வையோட இருந்தப்போ அது 58. புரதம் சீஸ்ல இருந்து 12 கிராம் பக்கம் வரும். கொழுப்பு 15 கிராம் பக்கம், அதுல பாதிக்கும் மேல நிறைவுற்ற கொழுப்பு. உப்பு? பிராசஸ்டு சீஸ்னா அந்த 60 கிராம்லயே கிட்டத்தட்ட 2 கிராம் உப்பு இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுசுக்கும் சொல்றதே 5 கிராமுக்குள்ளதான். இந்தத் தட்டை நீங்க ரெண்டு பேர் பங்கு போட்டுக்குறீங்கங்கிறதை மறக்காதீங்க. வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள் சரி. தினமும் வேண்டாம். பிபி இருக்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்.

காசு விஷயமும் சொல்லணும். 200 கிராம் சீஸ் கட்டி நூறு ரூபாயைத் தாண்டிடும். ரெண்டு பேருக்கு 60 கிராம்னா சீஸுக்கு மட்டும் முப்பது ரூபாயைத் தாண்டும். ரோட்டுக்கடை தட்டை விட ரொம்ப மலிவுன்னு சொல்ல மாட்டேன். நாலு பேர் சேர்ந்து ஒரு கட்டி வாங்கினா கையைக் கடிக்காது.

இப்போ சொல்லப் போறதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க, இன்சுலின் போடுறவங்க, இந்த எபிசோடைக் கேட்டுட்டு நாளையில இருந்து சோறே வேண்டாம்னு இறங்கிடாதீங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் நீங்க சாப்பிடுற மாவுச்சத்துக்கு ஏத்த மாதிரி டோஸ் போட்டது. மாவைத் திடீர்னு குறைச்சிட்டு அதே டோஸைப் போட்டா சுகர் தடால்னு இறங்கும். நைட் ஷிஃப்ட்ல, ஓடுற மெஷின் பக்கத்துல, கை நடுங்கி வேர்த்துக் கொட்டினா என்ன ஆகும்? டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை எடுக்குறவங்க மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சா, ரத்தத்துல அமிலம் ஏறுற கீட்டோஅசிடோசிஸ்ங்கிற ஆபத்து இருக்கு. அப்போ மீட்டர்ல சுகர் பெருசா ஏறாமக்கூட இருக்கலாம். டாக்டர்கிட்ட "நான் மாவுச்சத்தைக் குறைக்கப் போறேன், டோஸை மாத்தணுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கிட்னி பிரச்சினை இருக்குறவங்களும் கேட்டுட்டு ஆரம்பிங்க.

எங்க அண்ணனும் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாரு. அவரோட சுகர் எவ்வளவு குறைஞ்சதுன்னு இங்க சொல்லப் போறதில்ல. ஒருத்தரோட மீட்டர் ரீடிங்கை வெச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாது. வீக்லி ஆஃப்ல எங்க ரூமுக்கு வர்றாரு, தோசைக்கல்லு பக்கத்துல அவர்தான் நிக்கிறாரு, "தம்பி, இன்னும் சத்தம் அடங்கல, தொடாத"ன்னு எங்களை அதட்டுறாரு. அதை மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். உங்க டீம்ல, உங்க ரூம்ல, தட்டைப் பார்த்ததும் ஒதுங்குற ஆள் யாருன்னு பாருங்க. கண்டிப்பா ஒருத்தர் இருப்பாரு. இந்த வாரம் அவருக்குப் பிடிச்ச காயைக் கேட்டு வாங்குங்க. பஜ்ஜி மிளகாய்ல ட்ரை பண்ணிப் பார்த்தவங்க, சீஸ் எவ்வளவு நேரத்துல சிவந்துச்சு, எந்த வகை சீஸ்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்லா வராதவங்களும் அனுப்புங்க, டீபக் பண்ணுவோம். அடுத்த எபிசோட்ல மறுபடியும் கோடுக்கே போயிடலாம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க. பை மக்களே.